காத்தெருக்காவோ

ஹனமோரி என்று இன்றைக்கு யாரிடமாவது சொன்னால் தைலமா, தேயிலையா என்று கேட்பார்கள். ஒரு காலத்தில் அது றேடியோ. யப்பானின் நாகனோ மலைப்பக்கத்தில், 1955இல், மூடிக்கிடந்த பட்டு ஆலை ஒன்றின் பின்பக்க அறையில் கம்பிச்சுருள் சுற்றத் தொடங்கிய கம்பனி அது. பிறகு சட்டைப்பைக்குள் அடங்கும் றேடியோ செய்தார்கள். பிறகு கசெற் றெக்கோடர். பிறகு, தங்கள் நல்ல காலத்தில், இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டிய அம்பிளிபயர்கள். நல்ல காலம் யாருக்குத்தான் நின்று நிலைத்தது? பற்றரி செய்கிறவர்கள் ஒருமுறை வாங்கினார்கள். அவர்களுக்கும் அலுத்துப்போய், முகமே இல்லாத ஒரு முதலீட்டு நிறுவனத்திடம் தள்ளிவிட்டார்கள். இப்போது மிச்சம் இருப்பது பெயரும், நாகனோவில் ஒரு சின்னத் தொழிற்சாலையும், ஐரோப்பாவுக்கு என்று சுவிஸின் ஊஸ்டர் நகரத்தில் ஒரு களஞ்சியமும்தான்.

களஞ்சியத்தில் ஐந்து பேர் வேலை. ஐவரில் மூத்தவர் ஸ்ரீஸ்கந்தராஜா, வயது அறுபத்துமூன்று. அவருடைய பெயரை முழுதாகச் சொல்லி முடிப்பதற்குள் கோப்பி ஆறிவிடும் என்று சுவிஸ்காரர்கள் அவரை 'ஹெர் ஸ்ரீ' ஆக்கி முப்பத்திரண்டு வருடமாகிறது. பெட்டி வரும், பெட்டி போகும், நடுவில் அவர் நிற்பார். கம்பனியின் சரித்திரத்தில் தனக்கு ஒரு வரிகூட இருக்காது என்பது அவருக்குத் தெரியும். அதில் அவருக்கு ஒரு மனக்குறையும் இல்லை.

அப்படிப்பட்ட மனிசனுக்குத்தான் நவம்பர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் நாகனோவிலிருந்து மின்னஞ்சல் வந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆறும் இல்லை, பாலமும் இல்லை. எல்லாவற்றையும் மூடுபனி விழுங்கியிருந்தது. எழுதியவர் செகாவா என்ற பெண், கம்பனியின் எழுபது ஆண்டுச் சரித்திரத்தைத் தொகுக்கிறவர். யப்பானியர் கடிதம் எழுதினால் காலநிலையை விசாரிக்காமல் விஷயத்துக்கு வரமாட்டார்கள். 'இங்கே மலையில் இலைகள் சிவந்து உதிர்ந்துவிட்டன. உங்கள் ஊரில் மூடுபனி கனத்திருக்கும் என்று நினைக்கிறேன்' என்று தொடங்கியிருந்தார். ஸ்ரீஸ்கந்தராஜா ஜன்னலைப் பார்த்து, ஓம் என்று தலையாட்டினார்.

விஷயம் இதுதான். நாகனோ தொழிற்சாலையில் ஒரு சொல் வழங்குகிறது: 'காத்தெருக்காவோ'. ஒரு கருவியைத் திருத்தித் திருத்தி, இனித் திருத்த ஒன்றுமில்லை என்ற கட்டம் வந்ததும் தலைமைப் பொறியியலாளர் எழுந்து நின்று 'காத்தெருக்காவோ' என்பார். மற்றவர்களும் திருப்பிச் சொல்லிவிட்டு விளக்கை அணைப்பார்கள். யாராவது ஓய்வுபெற்றால் விருந்தில் கிண்ணத்தை உயர்த்திச் சொல்வதும் அதைத்தான். புதிதாக வருகிறவர்கள் அதை அந்த மலைப்பக்கத்துப் பழம்பேச்சு என்று எண்ணிக்கொள்கிறார்கள். உண்மையில் அது ஊஸ்டரிலிருந்து போன சொல்.

1991இல் ஊஸ்டரில் ஒகாபே என்ற பொறியியலாளர் இருந்தார். சொல் விளங்கினால் காது சோம்பேறியாகிவிடும் என்பது அவருடைய கொள்கை. ஒரு கருவி மனிதக் குரலை ஒழுங்காகக் கொண்டுவருகிறதா என்று பார்க்க, கேட்கிற ஒருவருக்கும் விளங்காத பாஷை வேண்டும் என்றார். ஆகவே கட்டடம் துடைக்க வந்த ஒரு பெண்ணை மைக்கின் முன்னால் இருத்தி, பத்து நிமிடம் தன் பாஷையில் கதைக்கவிட்டு, அந்தக் கசெற்றை நாகனோவுக்குக் கொண்டுபோனார். அதற்குப் பிறகு ஹனமோரி செய்த ஒவ்வொரு அம்பிளிபயரும் அந்தக் குரலை வைத்தே சரிபார்க்கப்பட்டது. மூன்று தலைமுறைப் பொறியியலாளர்களுக்கு அந்தப் பத்து நிமிடமும் மூச்சு விடுகிற இடம் உட்பட மனப்பாடம். அர்த்தம் மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

'ஒகாபே ஐயா காலமாகி இருபது வருடத்துக்கு மேலாகிறது' என்று செகாவா எழுதியிருந்தார். 'அவருடைய குறிப்பில் பாஷை தமிழ் என்று இருக்கிறது. கம்பனியில் தமிழ் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். அந்தப் பெண் என்ன சொல்கிறார், காத்தெருக்காவோ என்றால் என்ன என்று எழுதித் தருவீர்களா? வெள்ளிக்கிழமை மாலை புத்தகம் அச்சுக்குப் போகிறது.'

கட்டடம் துடைக்க வந்த பெண் என்றதும் ஸ்ரீஸ்கந்தராஜாவின் முகம் மலர்ந்துவிட்டது. 1991இல் அங்கே துடைத்த தமிழ்ப்பெண் ஒருத்திதான் இருந்தாள். அவருடைய மனைவி பிரபாலினி. கல்யாணத்துக்குப் பிறகு இவருக்கு அங்கே வேலை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். இவ்வளவு பெரிய கதையை மூச்சுக் காட்டாமல் வைத்திருந்திருக்கிறாளே, கெட்டிக்காரி, என்று உள்ளுக்குள் சிரித்தார். முதலில் தான் கேட்டுவிட்டு, பின்னேரம் வீட்டுக்குப் போய் அவளை ஒரு ஆட்டு ஆட்டலாம் என்று நினைத்தார்.

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிடப் போனதும் மேல்மாடியில் இருந்த கேட்கும் அறைக்குப் போனார். சுவரெல்லாம் தடித்த துணி ஒட்டிய அறை. உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் தன் இரத்தம் ஓடுவதே கேட்பது போல இருக்கும். நடுவில் கம்பனியின் பேர்பெற்ற கேவி-11 அம்பிளிபயர் இருந்தது. மின்னஞ்சலோடு வந்த ஒலிக்கோப்பைத் திறந்துவிட்டுக் கதிரையில் சாய்ந்தார்.

முதலில் ஒரு கதிரை நகர்ந்தது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு இருபத்துநான்கு வயதுப் பிரபாலினி, அவருக்கு முன்னால் மூன்றடி தூரத்தில் இருந்து கதைக்கத் தொடங்கினாள்.

"சச்சி, நான் பிரபா கதைக்கிறன். இஞ்ச ஒரு யப்பான்காரர் இதைப் பிளேனில அனுப்புறன் எண்டவர். நல்ல மனிசன். நீங்கள் சுகமோ? சண்டை உங்கட பக்கம் வந்திட்டுதோ எண்டு ஒவ்வொரு நாளும் யோசிக்கிறன்..."

ஸ்ரீஸ்கந்தராஜாவின் சிரிப்பு முகத்திலேயே கிடந்தது, எடுக்க மறந்த சாமான் மாதிரி. சச்சி என்ற ஒரு ஆளை அவருக்குத் தெரியாது. குரல் பனியைப் பற்றிச் சொன்னது, றெயினில் வழி தவறியதைச் சொன்னது, கட்டடத்து மாபிள் தரையைச் சொன்னது. ஏழாவது நிமிடத்தில் தாழ்ந்தது.

"அண்ணா ஒரு சம்பந்தம் கொண்டு வந்திருக்கிறார். போன ஞாயிறு வந்து பாத்திட்டுப் போனவர். பிழையில்லாத ஆள் போலதான் கிடக்கு. காது மட்டும் கொஞ்சம் பெரிசு."

முப்பத்துநான்கு வருடம் கழித்து ஸ்ரீஸ்கந்தராஜாவின் கை தன்னையறியாமல் காதுக்குப் போனது.

"நீங்கள் ஒரு சொல்லுச் சொன்னால் காணும், சச்சி. நான் காத்திருக்கவோ?"

அதற்குப் பிறகு ஒரு மூச்சு. உள்ளே போய், நின்று, மெல்ல வெளியே வந்த நீண்ட மூச்சு. நாகனோவில் கிண்ணம் உயர்த்திச் சொல்கிற சொல் இதுதான் என்று அவருக்கு விளங்கியது.

"பொங்கலுக்கு முன்னம் பதில் போடுங்கோ. பதில் வராட்டி, வேண்டாம் எண்டு எடுத்துக்கொள்ளுறன்."

மின்னஞ்சலில் இன்னொரு இணைப்பும் இருந்தது. ஒகாபேயின் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம், செகாவாவின் மொழிபெயர்ப்போடு. 'விமானத்தில் போகுமா என்று கேட்டார். ஆம் என்றேன். மிகவும் சந்தோஷப்பட்டார். கசெற் பெட்டிக்குள் ஒரு சீட்டையும் வைத்தார். அவருடைய பெயராக இருக்கலாம்.' சீட்டின் படமும் இருந்தது. பிரபாலினியின் சாய்ந்த எழுத்து, ஆங்கிலத்தில்: சச்சிதானந்தன், கொக்குவில் கிழக்கு.

அந்தக் காலத்தை அறிந்தவர்களுக்கு இதில் யோசித்துப் பார்க்க ஒன்றுமில்லை. யாழ்ப்பாணத்துக்குத் தபால் போனால் போனது, போகாவிட்டால் போகாதது. வீடுகளில் ரெலிபோன் இல்லை. ஆட்கள் கசெற்றில் மணிக்கணக்காகக் கதைத்து, கொழும்புக்குப் போகிற யாருடைய கையிலாவது கொடுத்துவிடுவார்கள். ஸ்ரீஸ்கந்தராஜாவும் தன் அம்மாவுக்கு அப்படி நாலைந்து அனுப்பியவர்தான். ஒரு யப்பான்காரன் கசெற்றை முன்னால் வைத்து, உன் பாஷையில் கதை, இது பிளேனில் போகும் என்று அரைகுறை ஜெர்மனில் சொன்னால், ஊரை விட்டு வந்து ஒரு வருடமான பெட்டை வேறென்ன நினைப்பாள்? பிளேன் போனதுதான். நாட்டைத்தான் அவர்கள் இருவரும் வேறு வேறாக நினைத்திருக்கிறார்கள்.

செகாவா இரண்டு விஷயம் கூடுதலாக எழுதியிருந்தார். புத்தகத்தின் நன்றிப் பக்கத்தில் அந்தக் குரலுக்கு உரியவரை 'திருமதி சச்சிதானந்தன்' என்று போட்டிருக்கிறோம், சரிதானே? மற்றது, கேவி என்ற எழுத்துகள் சீட்டில் இருந்த கொக்குவில் என்ற பெயரிலிருந்து வந்தவை, ஒகாபே ஐயா வைத்த பெயர், உங்களுக்கு இது சுவையாக இருக்கும்.

சுவையாகத்தான் இருந்தது. கேவி என்று அச்சடித்த பெட்டிகளை எத்தனை ஆயிரம் தரம் தூக்கியிருப்பார்! அந்தச் சச்சிதானந்தனின் ஊரை முப்பத்திரண்டு வருடம் தோளில் சுமந்திருக்கிறார். இப்போது பெண்சாதியையும் அவனுடைய பெயரில் அச்சடிக்கப் போகிறார்கள்.

ஆனால் அவரைப் போட்டு அழுத்தியது அது அல்ல. பதில் வராததால் பிரபாலினி தன்னைக் கட்டினாள். பதில் வராதது கேள்வி போகாததால். அப்படியென்றால் தன் கல்யாணம், இரண்டு பிள்ளைகள், ஊஸ்டரில் மூன்றாம் மாடி வீடு, அத்தனையும் ஒரு யப்பான்காரன் விட்ட பிழை. இது அவளுக்குத் தெரிந்தால் என்ன ஆகும்? தெரிந்த பிறகு அவள் தன்னைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும்?

அன்றிலிருந்து அவர் கனவில் நடக்கிறவர் மாதிரித்தான் நடந்தார். பக்கத்தில் பிரபாலினி படுத்திருக்க, இங்கே இரவென்றால் நாகனோவில் காலை என்ற எண்ணம் வரும். இத்தனை வருடமும் அவள் தன் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்த அதே நேரத்தில், மலையடிவாரத்து அறை ஒன்றில் அவள் குரல் எழும்பி, வெள்ளைச் சட்டை போட்ட மனிதர்களிடம் காத்திருக்கவோ, காத்திருக்கவோ என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. அவர்களும் கண்ணை மூடிக் கேட்டு, தலையை ஆட்டி, ஒரு திருகாணியை அரைச் சுற்றுத் திருப்பியிருக்கிறார்கள். இத்தனை வருடமும் அந்தக் கேள்வியைக் கேளாதவர்கள் அது யாருக்கு உரியதோ அவரும், தானும்தான் என்று பட்டது.

புதன்கிழமை ஒரு பொய்யை எழுதிப் பார்த்தார். 'இப்பெண் காலநிலையைப் பற்றியும் சமையலைப் பற்றியும் பேசுகிறார். காத்தெருக்காவோ என்றால் சுகமா என்று பொருள்.' வாசிக்க நன்றாகத்தான் இருந்தது. அனுப்பக் கை வரவில்லை. பொய் சொல்லிப் பழகாதவனுக்குப் பொய்யிலும் எழுத்துப்பிழை கண்ணில் குத்தும். அழித்துவிட்டார்.

வியாழக்கிழமை பிரபாலினிக்கு ஓய்வு. அவள் இப்போது முதியோர் இல்லம் ஒன்றின் சமையலறையில் வேலை. இவரும் அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்து, கிரைபன்சே ஏரிப்பக்கம் ஒரு நடை போவோமோ என்று கேட்டார். இந்தப் பனிமூட்டத்திலோ என்று கேட்டபடியே அவள் கோட்டைப் போட்டாள்.

ஏரியே இல்லை. இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளையாக ஒன்று கிடந்தது. அதற்குள்ளிருந்து தாராக்கள் கத்தின. பாதையில் பத்தடிக்கு மேல் தெரியவில்லை. முகத்தைப் பார்க்காமல் கதைக்க அது வசதிதான் என்று அவருக்குத் தோன்றியது.

"பிரபா, உமக்கு ஒரு விசயம் சொல்லவேணும்."

"தெரியும். ரெண்டு நாளாக் கறிக்கு உப்பில்லை. ஒண்டும் கதையாமச் சாப்பிட்டிட்டு எழும்பிறியள்."

எல்லாவற்றையும் சொன்னார். மின்னஞ்சல், கேட்கும் அறை, சீட்டு, பொங்கலுக்கு முன்னம் என்ற தவணை. காது பெரிசு என்ற இடத்தை மட்டும் விட்டுவிட்டார்.

"அந்தக் கசெற் ஊருக்குப் போகேல்லை, பிரபா. அந்தாள் வேணுமெண்டு பதில் போடாமல் விடேல்லை. அவருக்குக் கேள்வியே போய்ச் சேரேல்லை. இதை மறைச்சுப்போட்டு என்னால இருக்கேலாது."

"போகேல்லை எண்டு எனக்குத் தெரியும்" என்றாள் பிரபாலினி.

ஸ்ரீஸ்கந்தராஜா நின்றுவிட்டார். அவள் இரண்டடி போய்த் திரும்பி வந்தாள்.

"ரெண்டு கிழமை கழிச்சு ஒகாபே என்னைத் திரும்பக் கூப்பிட்டவர். நன்றி எண்டு சொல்லி ஒரு துவாயும் ஒரு இனிப்புப் பெட்டியும் தந்தார். மேசையைப் பாத்தால் கசெற் கிடக்கு. சீட்டும் அதுக்குள்ளயே கிடக்கு. அப்பதான் இது கடிதமில்லை, இவையின்ர ஏதோ வேலைக்கு எண்டு விளங்கினது. எனக்கு அழுகை வந்திட்டுது. அந்தாள் பயந்துபோச்சு. குரல் நல்லா வந்திருக்குது எண்டு காட்ட, ஹெட்போனை எடுத்து என்ர தலையில மாட்டிவிட்டார்."

"பிறகு?"

"பிறகு என்ர குரலைக் கேட்டன்."

தாராக்கள் அடங்கியிருந்தன. அவள் கையுறையைக் கழற்றிக் கோட்டுப் பைக்குள் வைத்தாள்.

"அதுக்கு முன்னம் நான் என்னை அப்பிடிக் கேட்டதில்லை. நான் விட்ட மூச்சுக்கூடக் கேட்டுது. காத்திருக்கவோ எண்டு ஒரு பெட்டை கேக்கிறாள். காத்திருக்கிற ஆசையில கேக்கேல்லை அவள். வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, என்னை விட்டிடுங்கோ எண்டு மண்டாடுறாள். சொல்லு ஒண்டு, குரல் வேறொண்டு. கேள்வி கேட்டதும் நான், அதைக் காதால கேட்டதும் நான். இனி ஊரில இருந்து ஆர் என்னத்தைப் பதில் சொல்ல?"

"கசெற்றை எடுத்து வேறை ஆரிட்டையும் குடுத்து அனுப்பியிருக்கலாம்."

"ஓம். அண்ணாவின்ர கூட்டாளி ஒருத்தர் அடுத்த கிழமையே கொழும்புக்குப் போனவர். நான் குடுக்கேல்லை. அதுக்குப் பதிலாச் சச்சிக்கு மூண்டு வரியில கடிதம் எழுதிக் குடுத்துவிட்டனான், எனக்கு ஒரு இடம் மனசுக்குப் பிடிச்சிட்டுது எண்டு. அவர் வாழ்த்துப் போட்டவர். இப்ப கனடாவில பேரப்பிள்ளையும் கண்டிட்டாராம்."

ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு நெஞ்சில் இரண்டு நாளாகக் கிடந்த பாரம் இறங்கியது. இறங்கினதும் கோபம் வந்தது. மனிதர்கள் அப்படித்தான்.

"முப்பத்தினாலு வருசம். ஒரு சொல்லு எனக்குச் சொல்லேல்லை நீர்."

"நீங்கள் கேக்கேல்லையே."

"இப்ப கேட்டனான்தானே, அந்த அறையில இருந்து பத்து நிமிசமும் கேட்டனான். எனக்கு உம்முடைய மூச்சு விளங்கேல்லை. அவனுக்காக ஏங்கிற மாதிரித்தான் கிடந்துது."

"உங்களுக்குத் தமிழ் தெரியும்" என்றாள் பிரபாலினி. "அதுதான் பிழை."

ஒகாபே சொன்ன சோம்பேறிக் காது அவருக்கு நினைவு வந்தது. பிறகு சிரிப்பு வந்துவிட்டது. அந்த ஒகாபே உயிரோடு இருந்திருந்தால் அவருடைய காலில் இவர் விழுந்து கும்பிட்டிருப்பார் போல ஒரு சிரிப்பு. நாகனோவில் கிண்ணம் தூக்கி அவளுடைய கேள்வியைச் சொல்கிறார்கள் என்று சொன்னார். அவள் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"என்னத்தை எழுதிறது அவையளுக்கு?" என்று கேட்டார்.

"உள்ளதை எழுதுங்கோ. இனி எனக்கென்ன வெக்கம்."

பாதையின் வளைவில் இருந்த மர வாங்கில் குந்தினார்கள். ஸ்ரீஸ்கந்தராஜா போனை எடுத்தார். எழுதத் தொடங்கிவிட்டு நிறுத்தினார்.

"ஒண்டைச் சொல்ல மறந்திட்டன். புத்தகத்தில பேர் பிழையாக் கிடக்கு. சீட்டைப் பாத்திட்டு, திருமதி சச்சிதானந்தன் எண்டு போட்டிருக்கினம்."

பிரபாலினி போனை வாங்கிப் பார்த்தாள். அந்தப் பெயரை ஒருதரம் மெல்ல வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

"பிரபாலினி ஸ்ரீஸ்கந்தராஜா எண்டு மாத்தச் சொல்லுங்கோ."

"அதெப்பிடி? நீர் அந்தக் கசெற்றில கதைக்கேக்கை பிரபாலினி துரைசிங்கம். எங்கட கலியாணத்துக்கு இன்னும் மூண்டு மாசம் கிடந்தது. இது சரித்திரப் புத்தகம், பிரபா. உள்ளதைத்தான் போடவேணும்."

"உள்ளதைத்தான் சொல்லுறன்" என்றாள் அவள். "கதைக்கேக்கை துரைசிங்கம்தான். ஹெட்போனைக் கழட்டேக்கை நான் ஸ்ரீஸ்கந்தராஜா."